குருந்தம்: இலண்டன் கடிகாரக் கலையில் மணிக்கற்களும் ஒரு தமிழ்ச் சொல்லும்

முன்னுரை

மணிக்கற்கள் பதித்த விலையுயர்ந்த கடிகாரத்தைக் காண்போர் அதன் உறையிலும் முகப்பிலும் ஒளிரும் கற்களையே காண்கின்றனர். உள்ளே, பற்சக்கரங்களின் அச்சுமுனைகளைத் தாங்கி நிற்கும் சிறிய சிவப்புக் கற்கள் அவர்தம் கண்ணில் படுவதில்லை. வெளிக்கல் உடையவரின் செல்வத்தைக் காட்டுகிறது; உட்கல் பொழுதின் கணக்கைக் காக்கிறது. இன்றைய கடிகாரங்களில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே கனிமத்தின் இரு வடிவங்களாகும். உலக அறிவியல் அக்கனிமத்துக்கு வழங்கும் பெயர், தமிழில் ‘குருந்தம்’ என வழங்கும் சொல்லின் வழிவந்தது.

இச்சொல் ஆங்கிலத்தில் நிலைபெற்ற நகரம் இலண்டன். மணிக்கல் கடிகாரத்தின் அணி என்னும் நிலையிலிருந்து அதன் உறுப்பு என்னும் நிலைக்கு உயர்ந்ததும் அந்நகரிலேயே. ஒரே நகரில், நூறாண்டுக்குள், கல் கடிகாரத்திற்குள்ளும் சொல் அறிவியலுக்குள்ளும் புகுந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்வரலாற்றில் தமிழகத்தின் பங்கு யாது, அப்பங்கை எந்த அளவுக்கு உரிமை கொண்டாடலாம் என்பனவும் இங்கு நோக்கப்படுகின்றன.

1. மணியும் பொழுதும்

தமிழில் ‘மணி’ என்னும் சொல் ஒளிக்கல்லையும், ஒலிக்கும் மணியையும், பொழுதின் அளவையும் குறிக்கும். ஈழத்தமிழர் கடிகாரத்தை ‘மணிக்கூடு’ என்பர். எனினும் பொழுதைக் குறிக்கும் பொருள், மணியடித்து நேரம் அறிவித்த வழக்கத்திலிருந்து வந்தது. கல்லுக்கும் காலத்துக்கும் இச்சொல்லில் காணும் உறவு தற்செயலானது. அதனை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாகாது. முல்லைப்பாட்டு நாழிகைக் கணக்கரையும் அவர்தம் நீர்க்கன்னலையும் குறிப்பிடுகிறது. அக்கருவியில் மணிக்கல்லுக்கு வேலையில்லை.

மணிக்கல் பற்றிய தமிழரின் நுண்ணறிவு வணிகத்திலும் அணிகலத் தொழிலிலும் வளர்ந்தது. நொய்யலாற்றின் கரையிலுள்ள கொடுமணல் அகழாய்வுகள் நீலக்கல், பச்சைப் படிகம், பளிங்கு முதலியவற்றை அறுத்தும் துளைத்தும் மெருகிட்டும் மணிகளாக்கிய தொழிற்கூடங்களை வெளிப்படுத்தின. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரை மணிக்கடைத் தெருவில் ஒன்பது வகை மணிகளின் குற்றமும் குணமும் ஆராயப்பட்டதைக் கூறுகிறது. மாணிக்கத்தைப் பதுமம், நீலம், விந்தம், படிதம் என நான்காக அது வகுக்கிறது. இவற்றுள் ‘விந்தம்’ என்பதற்கு உரைமரபு தரும் பொருள் ‘குருவிந்தம்’. தஞ்சைப் பெரிய கோயிலின் இராசராசன் காலக் கல்வெட்டுகள் இறைவனுக்கு அளிக்கப்பட்ட அணிகலன்களின் கற்களை எண்ணியும், வகை பிரித்தும், புள்ளி, வெடிப்பு முதலிய குற்றங்களைக் குறித்தும் பதிவு செய்கின்றன. அணிகலன் நிறுக்கத் ‘தட்சிணமேருவிடங்கன்’ என்னும் தனி எடைக்கல்லே இருந்தது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. மாணிக்கத்தின் நால்வகையுள் ‘நீலம்’ இடம் பெறுவதைக் கொண்டு, சிவப்பு மாணிக்கமும் நீலமணியும் ஒரே கனிமம் என்பதைப் பண்டைத் தமிழர் அறிந்திருந்தனர் எனச் சிலர் கூற முற்படலாம். அது பொருந்தாது. அவ்விடத்து நீலம் என்பது நீலச் சாயல் கலந்த மாணிக்க வகையே. நீலமணி அக்காதையில் வேறாகக் கூறப்பட்டுள்ளது. பண்டைத் தமிழரின் பகுப்பு நிறத்தையும் ஒளியையும் குற்றத்தையும் அடிப்படையாகக் கொண்டது. அத்துறையில் அது முழுமையானது; அதன்மேல் வேதியியலை ஏற்றுவது அதற்குப் பெருமை சேர்க்காது.

2. சீப்சைடு புதையல்: உறையான மணி

1912-ஆம் ஆண்டு இலண்டன் சீப்சைடு தெருவில் பழைய கட்டடங்களை இடித்த தொழிலாளர், நிலவறைத் தளத்தின் கீழ் ஒரு புதையலைக் கண்டனர். ஏறத்தாழ 500 அணிகலன்களும் கற்களும் அதில் இருந்தன. அவ்விடம் பொற்கொல்லர் கடைகள் நிறைந்திருந்த பகுதி. ஸ்டாஃபோர்டு பிரபுவின் குடிச்சின்னம் செதுக்கிய கல் ஒன்று அதில் இருந்தமையால் 1640-க்குப் பின்னும், நகரை அழித்த 1666-ஆம் ஆண்டுத் தீவிபத்துக்கு முன்னும் அது புதைக்கப்பட்டது என ஆய்வாளர் முடிவு செய்துள்ளனர்.

அப்புதையலின் தலையாய பொருள் ஒரு கடிகாரம். அறுகோண வடிவிலான ஒரே பெரிய மரகதத்தைக் குடைந்து, அக்குடைவினுள் கடிகாரத்தின் இயக்கம் பொருத்தப்பட்டுள்ளது, மூடியும் மரகதமே. 1600-ஆம் ஆண்டை ஒட்டியது எனக் கருதப்படும் அக்கடிகாரத்தின் மரகதம் தென்னமெரிக்காவின் கொலம்பியாவிலிருந்து வந்தது. உட்பொறி துருவேறி இறுகிப்போயிற்று. மரகதமோ இன்றும் ஒளி குன்றாதிருக்கிறது.

அதே புதையலில் இலங்கையின் நீலமணிகளும் வைடூரியம் எனப்படும் பூனைக்கண் கற்களும் உள்ளன. கீழ்த்திசைக் கற்களும் மேற்றிசைக் கற்களும் ஒரு வணிகரின் பெட்டியில் ஒன்றுசேரும் அளவுக்கு 17-ஆம் நூற்றாண்டு இலண்டன் உலகச் சந்தையாகியிருந்தது. ஆனால் இக்கற்கள் இலங்கையின் ஆற்று மணலிலிருந்து யார் கைவழியாகச் சென்றன என்பதைக் கூறும் ஏடு ஏதும் புதையலுடன் கிடைக்கவில்லை. தஞ்சைக் கல்வெட்டு ஒவ்வொரு கல்லின் குற்றத்தையும் எழுதி வைத்தது. சீப்சைடு புதையல் தன் உரிமையாளரின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அக்காலக் கடிகாரத்தில் மணிக்கல்லின் பணி ஒன்றே: பொறியை மூடும் அழகிய உறையாதல். அன்றைய கடிகாரங்கள் நாளொன்றுக்குப் பல நிமிடங்கள் பிழைபட்டன. அவை காலங்காட்டிகள் என்பதைவிடக் கழுத்தணிகள் என்பதே பொருந்தும்.

3. 1704: உறுப்பான மணி

கடிகாரத்தின் பிழைக்கு உராய்வு ஒரு முதன்மைக் காரணம். எஃகு அச்சின் மெல்லிய முனை பித்தளைத் தகட்டின் துளையில் சுழல்கிறது. நாளடைவில் துளை தேய்ந்து விரிகிறது. எண்ணெய் தூசியுடன் கலந்து இறுகுகிறது. சக்கரத்தின் விசை குறைகிறது. தேயாததும், மென்மையாக மெருகேற்கக் கூடியதுமான பொருளால் அத்துளை அமைந்தால் இக்குறை நீங்கும். வைரத்துக்கு அடுத்த கடினம் வாய்ந்த மாணிக்கமும் நீலமணியும் அதற்குத் தக்கவை. மோஸ் அளவுகோலில் அவற்றின் கடினம் 9.

இவ்வழியைக் கண்டவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து இலண்டனில் வாழ்ந்த கணிதவியலார் நிக்கோலா ஃபாசியோ த துய்லியே. அவர் நியூட்டனின் நண்பர். அரச கழகத்தின் உறுப்பினர். மாணிக்கத்தில் நுண்துளையிடும் முறைக்கு அவரும் பீட்டர், ஜேக்கப் தெபோஃப்ர் என்னும் கடிகாரக் கைவினைஞரும் 1704-இல் 14 ஆண்டுக் காப்புரிமை பெற்றனர். மாணிக்கத்தைத் துளைக்க வைரப்பொடி வேண்டும். பிரேசில் நாட்டு வைரம் சந்தைக்கு வருமுன், ஐரோப்பா வைரத்துக்குப் பெரிதும் இந்தியாவையே நம்பியிருந்தது. கோல்கொண்டா வைரம் இலண்டன் சென்ற முதன்மை வாயில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை. காப்புரிமை வழங்கப்பட்ட ஆண்டில் அங்கு ஆளுநராக இருந்தவர், வைர வணிகத்தால் பெருஞ்செல்வம் ஈட்டிய தாமஸ் பிட்.

காப்புரிமையின் காலத்தை நீட்டிக்க நாடாளுமன்றத்தில் சட்டமுன்வரைவு கொண்டுவரப்பட்டது. இலண்டன் கடிகாரக் கைவினைஞர் சங்கம் அதனை எதிர்த்தது. கடிகாரத்தில் கல் பொருத்துதல் புதியதன்று என மெய்ப்பிக்க, இக்னேசியஸ் ஹக்ஃபோர்டு என்பவர் செய்த பழைய கடிகாரம் ஒன்றைச் சங்கத்தார் சான்றாகக் காட்டினர். முன்வரைவு தோற்றது. பிற்காலத்தில் அக்கடிகாரம் பிரித்துப் பார்க்கப்பட்டபோது, அதிலிருந்த கல் எந்த அச்சையும் தாங்கவில்லை என்பதும் வெறும் அலங்காரமே என்பதும் தெரியவந்தது.

இந்நிகழ்ச்சி தமிழ் படித்தவர்க்கு மதுரை அவையை நினைவூட்டாமல் இராது. அங்கும் வழக்கின் முடிவு, கண்ணுக்குத் தெரியாத உட்பரல் மாணிக்கமா முத்தா என்பதில் அடங்கியிருந்தது. சிலம்பு உடைக்கப்பட்டது, உண்மை அப்பொழுதே தெறித்தது. இலண்டனில் உண்மை வெளிப்பட்டபோது வழக்காடிய எவரும் உயிருடன் இல்லை. காவியத்தையும் நாடாளுமன்ற நடவடிக்கையையும் ஒரு தட்டில் வைத்தல் தகாது எனினும், கல் அணியா உறுப்பா என்னும் வேறுபாடு ஒரு நாட்டின் சட்டத்தையே திசைதிருப்பியது என்பது கருதத்தக்கது.

துளையிடும் நுட்பம் நெடுங்காலம் இங்கிலாந்தின் தனிச்சிறப்பாக நின்றது. ஜான் ஹாரிசன் 1759-இல் முடித்த நான்காம் கடற்கடிகாரத்தில் அச்சுத் துளைகள் மாணிக்கத்தாலும், விசையை விட்டுவிட்டுச் செலுத்தும் நாக்குகள் வைரத்தாலும் அமைந்தன. 1761-ஆம் ஆண்டு நவம்பரில் புறப்பட்ட யமேக்கா கடற்பயணத்தில், 81 நாட்களில் அது ஏறத்தாழ 5 நொடிகளே பிழைபட்டது. கடலில் நெட்டாங்கு காணும் சிக்கல் இதனால் தீர்ந்தது.

கல்லை அணியாகவே கொண்ட மரபும் அந்நகரில் உடன் வளர்ந்தது. ஜேம்ஸ் காக்ஸ் என்னும் இலண்டன் நகை வணிகர் கற்கள் பதித்த கடிகாரங்களையும் தானியங்கும் பொம்மைகளையும் சீனச் சந்தைக்கு அனுப்பினார். 1772-இல் ஸ்பிரிங் கார்டன்ஸ் பகுதியில் கட்டணக் காட்சியகமும் திறந்தார். அவருடைய படைப்புகளில் உண்மைக் கற்களுடன் வண்ணக் கண்ணாடிக் கற்களும் இடம்பெற்றன. அணியாகும் கல் போலியாயினும் கண் ஏமாறும்; அச்சைத் தாங்கும் கல் போலியாயின் கடிகாரம் ஏமாறாது.

4. சொல் இலண்டன் சேர்தல்

மாணிக்கம் கடிகாரத்தினுள் புகுந்து நெடுநாள் ஆகியும், அது எத்தகைய பொருள் என்பதை அறிவியல் அறிந்திருக்கவில்லை. அவ்வறிவுக்கு வழிகாட்டியது அரண்மனை மணியன்று, தமிழகத்துச் சாணைக்கல்.

1728-இல் மறைந்த ஜான் வுட்வர்டு தொகுத்த அயல்நாட்டுக் கற்களின் அட்டவணையில், புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்த மெருகுக் கற்கள் ‘நெல்ல கொரிவிந்தம்’, ‘தெல்ல கொரிவிந்தம்’ என்னும் பெயர்களை ஒட்டிய வடிவில் பதிவாகியுள்ளன. நல்ல, தெல்ல என்பன கருமையையும் வெண்மையையும் குறிக்கும் தெலுங்குச் சொற்கள். எனவே இச்சொல் முதன்முறை இலண்டன் சென்றபோது தெலுங்கு அடைமொழியுடனேயே சென்றது. வடமொழியிலும் ‘குருவிந்தம்’ உண்டு. தமிழ், தெலுங்கு, வடமொழி மூன்றும் பகிர்ந்துகொண்ட சொல் இது.

இரண்டாம் வருகையே நிலைத்தது. 1760-களின் பிற்பகுதியில் சென்னை மருத்துவர் ஆண்டர்சன், எடின்பரோவில் கல் செதுக்கும் தொழில் செய்த வில்லியம் பெர்ரிக்குப் படிகங்கள் அடங்கிய பெட்டி ஒன்றை அனுப்பினார். வைரம் நீங்கலாக ஏனைய மணிகளை மெருகிட இந்நாட்டார் பயன்படுத்தும் கல் அது என்னும் குறிப்பும் உடன் சென்றது. இச்செய்தியைப் பதிவு செய்தவர் சார்லஸ் கிரெவில். ஆசியக் குருந்தக் கல்லைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1798-இல் இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது. கல் கிடைக்கும் இடத்தை நேரிற் கண்டு தெரிவிக்குமாறு அவர் வேண்ட, ஆங்கில அலுவலர் திருச்சிராப்பள்ளிப் பகுதியிலிருந்து சென்று கண்ட இடத்தின் பெயர் ‘பெர்மெட்டி’ என அதில் காணப்படுகிறது. இதனை இன்றைய நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி எனக் கொள்வது பொருந்தும். அருகிலுள்ள சித்தம்பூண்டிப் பாறைத் தொகுதி குருந்தம் செறிந்ததென்பது நிலவியலார் நன்கறிந்த செய்தி.

கிரெவிலின் கற்களைப் படிகவியல் நோக்கில் ஆராய்ந்தவர் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் இலண்டனில் வாழ்ந்த பூர்னோன் பிரபு. வேதிப் பகுப்பாய்வு செய்தவர் ரிச்சர்டு செனவிக்ஸ். மாணிக்கமும் நீலமணியும் ஓரினம் என்பதைப் பிரெஞ்சுப் படிகவியலார் முன்னரே உணர்ந்திருந்தனர். அவ்வினத்தோடு மங்கிய சாணைக்கல்லும் சேரும் என்பதை 1802-இல் வெளிவந்த பூர்னோனின் கட்டுரை விளக்கமாக நிறுவியது. மூன்றும் அலுமினியம் ஆக்சைடின் படிகங்களே. சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம்.

மூன்றுக்கும் பொதுப்பெயர் வேண்டப்பட்டபோது, விலை உயர்ந்த மாணிக்கத்தின் பெயரோ நீலமணியின் பெயரோ தெரிவு செய்யப்படவில்லை. தொழிலாளர் கையில் தேய்ந்த கல்லின் பெயரே இனப்பெயராயிற்று. ஆங்கில அகராதிகள் இச்சொல்லுக்குத் தமிழ்க் ‘குருந்தம்’ என்பதையே மூலமாகக் காட்டுகின்றன. கிரெவில் மறைந்தபின் அவருடைய கனிமத் தொகுப்பைப் பிரித்தானிய அருங்காட்சியகம் 1810-இல் 13,727 பவுன் விலைக்கு வாங்கிற்று. அது இன்று இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.

5. செயற்கைக் குருந்தமும் வானவில் கடிகாரமும்

அலுமினியம் ஆக்சைடே மாணிக்கம் என அறிந்தபின் அதனை ஆக்கும் முயற்சி தொடங்கியது. பிரெஞ்சு வேதியியலார் ஒகுஸ்ட் வெர்னாய், ஆக்சைடுப் பொடியைச் சுடரில் உருக்கிப் படிகமாக வளர்க்கும் முறையை 1902-இல் வெளியிட்டார். அதன்பின் கடிகாரத்துக்குள் இயற்கை மாணிக்கம் பதிக்கும் தேவை அற்றது. ‘17 ஜுவல்ஸ்’ என்னும் எழுத்துகளை முகப்பில் தாங்கி எளியோர் மணிக்கட்டுக்கும் கடிகாரம் வந்தது இதனாலேயே. திருச்சிராப்பள்ளி மாவட்டச் சிற்றூர்களில் 20-ஆம் நூற்றாண்டில் பரவிய செயற்கைக் கல் பட்டை தீட்டும் குடிசைத் தொழிலும் இக்கண்டுபிடிப்பின் பயனே.

இக்காலத்தில் வண்ணக்கல் பதித்த கடிகாரம் மீண்டும் செல்வர்தம் விருப்பமாகியுள்ளது. ரோலக்ஸ் நிறுவனம் 1905-இல் இலண்டனில், நகை வணிகத்துக்குப் பெயர்பெற்ற ஹாட்டன் கார்டன் தெருவில், வில்ஸ்டார்ஃப்-டேவிஸ் என்னும் பெயரில் தொடங்கப்பட்டது. முதல் உலகப்போருக்குப் பின் ஜெனீவாவுக்கு மாறியது. அது 2012-இல் வெளியிட்ட வானவில் கடிகாரத்தின் முகப்பு வளையத்தில், செவ்வக வடிவில் பட்டை தீட்டிய 36 கற்கள் சிவப்பு முதல் ஊதா வரை படிப்படியாக நிறம் மாறிச் செல்கின்றன. அத்தனையும் நிறம் வேறுபட்ட குருந்தங்களே. முகப்பை மூடும் கண்ணாடி செயற்கைக் குருந்தம். உள்ளே அச்சைத் தாங்குவதும் செயற்கைக் குருந்தம். அணியாகவும் உறையாகவும் உறுப்பாகவும் ஒரே கனிமம் ஒரு கடிகாரத்தில் மும்முறை தோன்றுகிறது.

6. கலைச்சொற் சிக்கல்

இக்கடிகாரத்தைத் தமிழில் விளக்க முற்படுவோர்க்கு ஓர் இடர் உண்டு. ஆங்கில மணியியல், சிவப்பு ஒழிந்த குருந்தங்கள் அனைத்தையும் ஒரே பெயரால் வழங்கி, நிறத்தை அடைமொழியாக்குகிறது. அப்பெயரை ‘நீலமணி’ எனப் பெயர்த்தால் ‘மஞ்சள் நீலமணி’, ‘பச்சை நீலமணி’ என்னும் முரண்தொடர்கள் பிறக்கின்றன. மஞ்சளைப் புட்பராகம் என்னும் பழைய வழக்கு உண்டு. ஆயின் அப்பெயர் வேறொரு கனிமத்துக்கும் வழங்குகிறது. இலங்கையின் செம்மஞ்சள் கலந்த அரிய கல்லுக்கு உலகச் சந்தை வழங்கும் பெயரோ பதுமராகத்தின் திரிபு. தமிழில் பதுமராகம் செம்மாணிக்கத்தையே குறிக்கும்.

மஞ்சட் குருந்தம், பச்சைக் குருந்தம், ஊதாக் குருந்தம் என வழங்கினால் இவ்விடர் முழுதும் நீங்கும். மாணிக்கம், நீலம் என்னும் மரபுப் பெயர்கள் இலக்கியத்துக்கும் அணிகல வழக்குக்கும் உரியனவாக நிலைக்கட்டும். இனப்பெயராகக் குருந்தம் வழங்கட்டும். ‘கொரண்டம்’ என ஆங்கில ஒலிப்பைத் தழுவி எழுதுவது, நம்மிடமிருந்து சென்ற சொல்லை அயலார் உடையுடன் திரும்பப் பெறுவதாகும்.

முடிவுரை

மாணிக்கத்தைக் கடிகாரத்தின் உறுப்பாக்கிய நுட்பம் இலண்டனில் வாழ்ந்த ஐரோப்பியருடையது. அதனைத் தமிழர் கண்டுபிடிப்பெனக் கூற இடமில்லை. குருந்தத்தின் வேதியியலை நிறுவியதும் அவர்களே. தமிழகம் அளித்தவை வேறு: மணிகளை மெருகிடும் கல், அக்கல்லின் பயனறிந்த தொழிலாளரின் அறிவு, அவர்கள் வழங்கிய பெயர். இம்மூன்றும் இன்றி 1798-ஆம் ஆண்டுக் கட்டுரை எழுந்திராது. ஆயினும் அதில் மருத்துவரின் பெயரும் அலுவலரின் பெயரும் நின்றன; பரமத்தியில் கல் தோண்டியவருள் ஒருவர் பெயரும் உலக வழக்கில் நிலைக்கவில்லை. அவர்கள் வழங்கிய சொல் மட்டும் நிலைத்தது.

இத்துறையில் செய்யவேண்டிய பணிகள் மூன்று. இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலுள்ள கிரெவில் தொகுப்பின் தமிழகக் கற்களை, இன்று பரமத்தி, சித்தம்பூண்டிப் பகுதிகளில் கிடைக்கும் கற்களுடன் ஒப்பிட வேண்டும். பிரித்தானிய நூலகத்தின் புனித ஜார்ஜ் கோட்டை ஆவணங்களில் குருந்தம் பற்றிய குறிப்புகளைத் தொகுக்க வேண்டும். சிலப்பதிகார உரைகள், சோழர் கல்வெட்டுகள், இன்றைய மணித்தொழிலாளர் பேச்சுவழக்கு ஆகியவற்றிலுள்ள கற்பெயர்களை ஒருங்கே வைத்து மணியியல் சொல்லடைவு ஒன்றை ஆக்க வேண்டும். மூன்றாம் பணியே முதலில் தொடங்கத்தக்கது. கற்கள் அருங்காட்சியகத்திலும் ஏடுகள் நூலகத்திலும் காத்திருக்கும். செயற்கைக் கல் பட்டை தீட்டிய முதியோர் நாவிலுள்ள சொற்கள் அவர்களுடன் மறைந்துவிடும்.